மோட்டார்ஹோமுக்கு எந்த பிராண்டு சேஸிஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியும் வீடும் ஒன்றாக அமைந்த மோட்டார்ஹோமை வாங்கப் போகிறவர்கள் படுக்கையில் படுத்துப் பார்க்கிறார்கள், அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள், குளியலறைக் குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டுப் பகுதியில் பிடிக்காததைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸை மாற்ற முடியாது. அதனால் அதைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

சேஸிஸ் என்று எதைச் சொல்கிறோம்?

பெரும்பாலான மோட்டார்ஹோம்களை இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்குகின்றன. எஞ்சின், கியர், அச்சுகள், பிரேக், ஸ்டியரிங், சட்டகம் ஆகியவை வாகன நிறுவனத்திடமிருந்து வருகின்றன. அதன் மேல் வீட்டைக் கட்டுவது இன்னொரு நிறுவனம். சேஸிஸ் பிராண்டு என்று நாம் பேசுவது முதல் நிறுவனத்தைத்தான்.

அது மூன்று வடிவங்களில் வரும். முழு வேனாக வந்தால் உள்ளே மட்டும் வீடு கட்டுவார்கள். ஓட்டுநர் கேபினும் பின்னால் வெற்றுச் சட்டகமுமாக வந்தால் பின்பகுதியைப் புதிதாகக் கட்டுவார்கள். கேபினும் இல்லாமல் எஞ்சின், ஸ்டியரிங், சக்கரங்கள், சட்டகம் மட்டும் வந்தால், பேருந்து போன்ற முழு உடலையும் வீடு கட்டும் நிறுவனமே செய்துவிடும்.

முதலில் எந்த பிராண்டு என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். முதலில் எடை, அடுத்து ஓட்டுநர் உரிமம், அடுத்து எந்தச் சக்கரங்கள் வண்டியை இயக்குகின்றன என்பது. இவை முடிவானதும் பொருத்தமான பிராண்டுகள் இரண்டு மூன்றாகத் தானே சுருங்கிவிடும். பெயரில் தொடங்கியவர்கள், அந்தப் பெயருக்கு ஏற்றபடி குடும்பத்தையும் சாமான்களையும் குறைக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

எடைக் கணக்கை எப்படிப் போடுவது?

வண்டியின் எடைத் தகட்டில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை இருக்கும். விற்பனைத் தாளில் 'பயணத்துக்குத் தயாரான எடை' என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய எடை. ஐரோப்பிய விதிப்படி அந்த இரண்டாவது எண்ணில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீத எரிபொருளும் ஏற்கெனவே சேர்ந்துள்ளன. நன்னீர்த் தொட்டியைப் பொறுத்தவரை, பல நிறுவனங்கள் 20 லிட்டர் தண்ணீரை மட்டும் கணக்கில் கொள்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. அதிகபட்ச எடை 3,500 கிலோ, தயார் எடை 3,050 கிலோ, மீதி 450. உடன் வருபவர் 70 கிலோ, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 80. பக்கவாட்டில் விரியும் நிழற்கூரை 30. இரண்டு மின்சார சைக்கிள்களும் தாங்கியும் 65. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் மேலதிகமாக 80. துணி, பாத்திரம், உணவு, மடக்கு நாற்காலி, மேசை, கருவிகள் எல்லாம் சேர்ந்து 120 என்று சிக்கனமாகவே வைப்போம். மொத்தம் 445. மிச்சம் ஐந்து கிலோ.

கவலைப்பட வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. உண்மையான எடை, விற்பனைத் தாளில் உள்ள எடையிலிருந்து ஐந்து சதவீதம் வரை மாறுபட ஐரோப்பிய விதி இடம் கொடுக்கிறது. 3,050 கிலோவில் ஐந்து சதவீதம் என்றால் ஏறத்தாழ 152 கிலோ. ஆட்டோமேட்டிக் கியர், பெரிய எஞ்சின், சூரியத் தகடு, இரண்டாவது பேட்டரி போன்ற கூடுதல் வசதிகளும் அந்த அடிப்படை எண்ணில் சேர்வதில்லை. எனவே தாளில் 450 என்று இருந்தது கையில் 250 ஆகிவிடலாம். பணம் கட்டும் முன் அந்த வண்டியையே எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள். மொத்த எடையோடு நிறுத்தாமல் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிட்ட வண்டிகள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன.

எல்லோரும் ஏன் 3,500 கிலோ என்றே பேசுகிறார்கள்?

ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமமான 'பி' வகை நெடுங்காலமாக 3,500 கிலோவில் நின்றது. அதற்கு மேல் 7,500 கிலோ வரை 'சி1' வகை உரிமம். பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார் உரிமம் பெற்றவர்களுக்கு அந்த உரிமை பொதுவாகச் சேர்ந்தே கிடைத்தது. உங்கள் நாட்டின் வரம்பு வேறாக இருக்கலாம். அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய உரிமம் கிடைக்கும் என்றால், இருவருக்கு மேல் பயணம் செய்பவர்கள் கனமான சேஸிஸையே எடுக்க வேண்டும் என்பேன். எடை வரம்பு கைக்கு நெருக்கமாக இருக்கும் வண்டியில் ஒவ்வொரு பயணமும் கணக்குப் புத்தகத்தோடு தொடங்கும்.

முன்சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா?

முன்சக்கர இயக்கத்தில் வண்டிக்கு அடியில் பின்னோக்கி ஓடும் சுழல்தண்டு கிடையாது. அதனால் தளம் தாழ்கிறது, ஏறி இறங்குவது எளிதாகிறது, உள்ளே நிற்கும் உயரமும் கிடைக்கிறது. தளத்தை இரட்டையாக்கி இடையில் தண்ணீர்த் தொட்டிகளை வைக்கவும் இடம் வரும். எடையும் சற்றுக் குறையும்.

இதற்குக் கொடுக்கும் விலை, பிடிமானம். மோட்டார்ஹோமில் பின் அச்சுக்குப் பின்னால் நீளமான உடல் தொங்குகிறது. அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, சாமான் அறையில் 120 கிலோ ஏற்றுகிறீர்கள். பின் அச்சின் மீது 165 கிலோ இறங்கும். முன் அச்சின் மீதிருந்து 45 கிலோ குறையும். வண்டியை இழுக்க வேண்டியவை அந்த முன்சக்கரங்கள்தான். ஈரப் புல்வெளியில் நிறுத்திவிட்டு மறுநாள் காலை மேட்டுப்பக்கம் வெளியே வரும்போது இது தெரியும்.

பின்சக்கர இயக்கத்தில் அதே சுமை இயக்கும் சக்கரங்களை நிலத்தில் அழுத்துகிறது. மலையேற்றம், பின்னால் இழுவண்டி, சேற்று நிலம் ஆகியவை உங்கள் பயணத்தில் அடிக்கடி வரும் என்றால் பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோதான் தகுந்தது. தார்ச் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கே போகிறவர்களுக்கு முன்சக்கர இயக்கம் போதும். உள்ளே கிடைக்கும் உயரம் அவர்களுக்குத் தினமும் பயன்படும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் தேவையா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். ஏறத்தாழ நான்கு டன்னைத் தாண்டினால் அதைத் தீவிரமாகப் பரிசீலியுங்கள். ஒரு டயர் வெடித்தாலும் வண்டி சாயாமல் நிலையாக நிற்க அது உதவும். சக்கர வளைவு உள்ளே அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பிராண்டும் எப்படிப்பட்டது?

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் அதிகம் காணப்படுவது ஃபியட் டுகாட்டோ. 1981இல் அறிமுகமானது, இத்தாலியின் அடெஸ்ஸா நகரத் தொழிற்சாலையில் தயாராகிறது. முன்சக்கர இயக்கம் கொண்டது. அது இந்த இடத்தைப் பிடித்ததற்கு எஞ்சினைவிட உடலின் வடிவம் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன, வெளி அகலம் 2.05 மீட்டர். வேன் வடிவத்திலேயே பலரும் குறுக்காகப் படுத்துத் தூங்கலாம். அதனால் வண்டியின் நீளம் மிச்சமாகிறது. மோட்டார்ஹோமுக்கென்றே தாழ்வான, பின்சக்கர இடைவெளி அகலமான சட்டகத்தையும் அந்நிறுவனம் வழங்குகிறது. எடை குறைந்த வகையில் 15 அங்குலச் சக்கரமும் கனமான வகையில் 16 அங்குலச் சக்கரமும் வரும். பழைய வண்டியில் எது இருக்கிறது என்று பார்த்தாலே சேஸிஸின் வகை ஓரளவு தெரிந்துவிடும். வட அமெரிக்காவில் இதே வடிவம் ராம் புரோமாஸ்டர் என்ற பெயரில், 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சினோடு விற்கப்படுகிறது.

மெர்சிடஸ் ஸ்பிரின்டர் 1995இல் வந்தது. 2018இல் வந்த மூன்றாம் தலைமுறையில் முன், பின், நான்கு சக்கர இயக்கம் மூன்றும் அறிமுகமாயின. ஓட்டுவதற்கு அமைதியானது. பக்கவாட்டுக் காற்றில் வண்டி விலகாமல் தடுக்கும் மின்னணு உதவி இதன் பெரிய பலம். உயரமான வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை புரியும். குறை என்றால் விலையும் எடையும். வேன் வடிவத்தின் சுவர்கள் மேலே உள்வாங்குவதால் உயரமானவர்கள் குறுக்கே படுக்க முடியாது. நீளவாக்கில் கட்டில் போட வேண்டும், அல்லது பக்கச் சுவரில் புடைப்புப் பெட்டி பொருத்த வேண்டும்.

ஃபோர்டு டிரான்சிட்டின் வரலாறு 1965இல் தொடங்குகிறது. இதிலும் மூன்று வகை இயக்கமும் கிடைக்கும். ஸ்டியரிங்கும் சாலைப் பிடிப்பும் காரை நினைவூட்டும்; விலையும் பெரும்பாலும் நியாயம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இதன் 2 லிட்டர் ஈகோபுளூ டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் வார்) எண்ணெயில் நனைந்தபடி ஓடும் வடிவமைப்பு உண்டு. சரியான வகை எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியதற்கான ரசீதுகள் இல்லாத பழைய வண்டியை எடுக்காதீர்கள்.

இவெகோ டெய்லி இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. 1978 முதல் இன்றுவரை லாரி போன்ற ஏணிச் சட்டகம், பின்சக்கர இயக்கம், மொத்த எடை 7.2 டன் வரை. ஐந்து டன்னுக்கு மேல் கட்ட வேண்டும், பின்னால் கனமான இழுவண்டி வேண்டும், வருடத்தில் பல மாதம் வண்டியிலேயே வாழ வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது. கேபினில் ஏற இரண்டு படி உயர வேண்டும், காலி வண்டி சற்றுக் குலுக்கும். சுமை ஏறியதும் அந்தக் குலுக்கல் அடங்கிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் கிராஃப்டரின் முதல் தலைமுறை மெர்சிடஸோடு கூட்டாக உருவானது. 2016இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகனின் சொந்த வடிவமைப்பு. மான் என்ற லாரி நிறுவனத்தின் டிஜிஇ வண்டி அதன் இரட்டை. ஓட்டுநர் உதவி வசதிகள் சிறப்பாக இருக்கும். வேன் வடிவ மோட்டார்ஹோமுக்கு நல்ல தேர்வு. ரெனோ மாஸ்டரும் நம்பகமான வண்டியே. அதன் மீது கட்டப்படும் மோட்டார்ஹோம்கள் குறைவு என்பதால் தேர்வு குறுகுகிறது.

டுகாட்டோ, பெஷோ பாக்ஸர், சிட்ரோயன் ஜம்பர் மூன்றும் ஒன்றுதானா?

உடலும் அடிப்படைச் சட்டகமும் ஒன்று. 2021இல் இந்த பிராண்டுகளையெல்லாம் ஒன்றாக்கிய ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் உருவான பிறகு ஓப்பல் மொவானோவும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. பழைய வண்டிகளில் எஞ்சின்கள் வேறுபட்டன, ஆகவே உதிரிபாகம் கேட்கும்போது எந்த எஞ்சின் என்று சொல்ல வேண்டும். முன் கிரில்லில் உள்ள சின்னத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. உத்தரவாத நிபந்தனை, கியர் வகை, அருகிலுள்ள பணிமனை இம்மூன்றில் உள்ள வித்தியாசத்துக்குத் தரலாம்.

அல்-கோ சேஸிஸ் என்கிறார்களே, அது தனி பிராண்டா?

அல்-கோ எஞ்சின் செய்வதில்லை. டுகாட்டோ போன்ற முன்சக்கர இயக்கக் கேபினின் பின்னால், துத்தநாகம் பூசிய தாழ்வான சட்டகத்தையும் முறுக்குவகை சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) கொண்ட பின் அச்சையும் பொருத்தித் தருகிறது. துரு பிடிப்பது குறையும், தளம் தாழும், பின் அச்சு இரண்டாக வைத்து எடையையும் கூட்டலாம். நீளமான வண்டிக்கு இந்தக் கூடுதல் செலவு நியாயமானது. பழைய அல்-கோ அச்சுகள் சிலவற்றில் குறிப்பிட்ட கால இடைவெளியில் கிரீஸ் போட வேண்டும். பணிமனைக்கு அது தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.

பேருந்து அளவிலான அமெரிக்க மோட்டார்ஹோம்களுக்கு என்ன சேஸிஸ்?

கேபினோடு வருபவற்றில் ஃபோர்டு இ-350, இ-450 அதிகம். கேபின் இல்லாத வகையில், முன்பக்கம் பெட்ரோல் எஞ்சின் என்றால் ஃபோர்டு எஃப்-53. இந்த ஃபோர்டு வண்டிகளுக்கு 2020 வாக்கில் 7.3 லிட்டர் வி8 எஞ்சின் வந்தது. அதற்கு முன் 6.8 லிட்டர் வி10. பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த பெரிய வண்டிகளுக்கு ஃபிரைட்லைனர், ஸ்பார்ட்டன் இரண்டும் முக்கியப் பெயர்கள். அவற்றில் பெரும்பாலும் கம்மின்ஸ் எஞ்சினும் அலிசன் ஆட்டோமேட்டிக் கியரும் இருக்கும்.

முன் எஞ்சின் வண்டி விலை மலிவு, பராமரிப்பும் மலிவு. மேடேறும்போது எஞ்சின் சத்தம் ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பின் எஞ்சின் வண்டியில் முன்பக்கம் அமைதி, காற்று சஸ்பென்ஷன், காற்று பிரேக். ஒவ்வொரு பராமரிப்புக்கும் லாரி அளவில் செலவு வரும். வருடத்துக்குச் சில வாரம் மட்டும் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் வண்டியே போதும்.

சேஸிஸ் நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்டால்?

வொர்க்ஹார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டார்ஹோம் சேஸிஸ் தொழிலை 1990களின் இறுதியில் எடுத்து நடத்தியது. 2005இல் நேவிஸ்டார் என்ற லாரி நிறுவனம் அதை வாங்கியது, சில ஆண்டுகளில் அந்தத் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. இத்தகைய வண்டிகளில் எஞ்சினும் கியரும் வேறு ஆயிரக்கணக்கான வண்டிகளோடு பொதுவானவை என்பதால் அவற்றுக்குப் பாகம் கிடைக்கும். அந்தச் சேஸிஸுக்கென்றே செய்த பிரேக், ஸ்டியரிங் பாகங்களில்தான் சிக்கல். ஆகவே சந்தையில் எத்தனை சரக்கு வேன்கள் அதே பாகங்களோடு ஓடுகின்றன என்று கேளுங்கள். டுகாட்டோ, ஸ்பிரின்டர், டிரான்சிட் மூன்றுக்கும் அந்தப் பலம் உண்டு.

சர்வீஸ் வசதியை எப்படி மதிப்பிடுவது?

பணிமனைகளின் எண்ணிக்கையைப் பட்டியலில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அதே பிராண்டின் கார் பணிமனை பெரும்பாலும் உங்கள் வண்டியை எடுத்துக்கொள்ளாது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஏழு மீட்டர் நீளம், நான்கு டன் எடை. வாசலில் நுழையாது, வண்டியை உயர்த்தும் இயந்திரமான தூக்கியும் அதைத் தாங்காது. எனவே வாங்கும் முன் அருகிலுள்ள பணிமனைகளைத் தொலைபேசியில் அழையுங்கள். வாசலின் உயரம் என்ன, தூக்கி எத்தனை டன் தாங்கும், மோட்டார்ஹோமுக்கு உத்தரவாத வேலை செய்கிறீர்களா என்று கேளுங்கள். இவெகோ, மான் ஆகியவற்றின் லாரிப் பணிமனைகள் இந்த விஷயத்தில் வசதியானவை.

நான் பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த மதிப்பெண் கொடுப்பது இந்தக் கேள்விக்குத்தான். இரண்டு நல்ல சேஸிஸ்களுக்கு இடையே உள்ள தரவேறுபாட்டைவிட, வண்டியைக் கையில் வாங்கும் மெக்கானிக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

உத்தரவாதம் யார் தருவார்கள்?

இருவரும், தனித்தனியாக. எஞ்சினுக்கும் ஓடும் பாகங்களுக்கும் வாகன நிறுவனம். கூரை, சுவர், குழாய், அடுப்புக்கு வீடு கட்டிய நிறுவனம். கூரையில் நீர் கசிகிறதா என்று வருடந்தோறும் சோதிக்கவில்லை என்றால் வீட்டு உத்தரவாதம் செல்லாமல் போகலாம்.

ஆட்டோமேட்டிக் கியர் எடுக்கலாமா?

எடுக்கலாம், எந்த வகை என்று தெரிந்துகொண்டு. பழைய டுகாட்டோக்களில் இருந்தது, சாதாரண கியர்பெட்டியின் கிளட்சை இயந்திரம் இயக்கும் வகை. மேட்டில் மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தும்போது கிளட்ச் தேயும். 2019 முதல் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே எஞ்சினின் சக்தியைக் கடத்தும் பாகம்) கொண்ட ஒன்பது வேக ஆட்டோமேட்டிக் வந்தது. இது வேறு தரம். ஸ்பிரின்டரிலும் டெய்லியிலும் டார்க் கன்வெர்ட்டர் வகை கிடைக்கும்.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

3.5 டன் வண்டிக்கு 140 போதும், 160 வசதி. நான்கு டன்னுக்கு மேல் 180 பக்கம் போங்கள். இங்கே மிச்சப்படுத்தும் எடையும் பணமும் வேறிடத்தில் உதவும்.

பழைய வண்டி வாங்கும்போது சேஸிஸில் என்ன பார்ப்பது?

சேஸிஸ் தயாரான தேதியும் வண்டி பதிவான தேதியும் ஒன்றல்ல. வெற்றுச் சேஸிஸ் திறந்தவெளியில் மாதக்கணக்கில் நின்ற பிறகே வீடு கட்டப்பட்டிருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து போவதற்கு முன் வயதாகிப் போகும், ஆகவே டயரின் பள்ளங்கள் ஆழமாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 'சிபி' குறியிட்ட டயர் எப்போதும் பாரத்தோடு நிற்கும் வண்டிகளுக்கென்றே செய்யப்பட்டது.

2006இல் வந்த டுகாட்டோ தலைமுறையின் தொடக்க வண்டிகளில் மேட்டில் பின்னோக்கி நகர்த்தும்போது நடுக்கம் இருந்தது; ஓட்டிப் பார்க்கும்போது அதைக் கட்டாயம் சோதியுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழிருந்து எஞ்சின் மீது நீர் சொட்டிய தடமும் இருக்கிறதா பாருங்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் அடியில் படுத்துச் சட்டகத்தையும், வீட்டைச் சட்டகத்தோடு இணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். குறைவாக ஓடிய வண்டி என்ற பெருமையில் மயங்க வேண்டாம். நின்றே கிடந்த வண்டியில் பிரேக் இறுகியிருக்கும், டீசல் புகைவடிகட்டி அடைத்திருக்கும்.

வண்டி ஓடும்போது வீட்டு பேட்டரி சரியாக சார்ஜ் ஆகவில்லை. சேஸிஸில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதிக் காலத்து எஞ்சின்களில், எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) தன் மின்னழுத்தத்தை அவ்வப்போது தாழ்த்திக்கொள்ளும். இடையில், அந்த மின்னழுத்தத்தைச் சரிசெய்து வீட்டு பேட்டரிக்கு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். புதிய வண்டியில் அது இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்?

சேஸிஸின் முழுப் பெயரும் எடை வகையும், அது தயாரான ஆண்டும் மாதமும். நீங்கள் கேட்ட வசதிகளெல்லாம் சேர்ந்த பிறகு வண்டியின் எடை என்ன என்பது. முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றின் வரம்பு. பிற்பாடு மொத்த எடையை உயர்த்த முடியுமா, அதற்கு ஸ்பிரிங்கோ டயரோ மாற்ற வேண்டுமா என்பது. இரண்டு உத்தரவாதங்களும் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்பது. வண்டி வந்ததும் எடைமேடையில் நிறுத்துப் பார்த்து, ஒப்புக்கொண்ட எடையைத் தாண்டினால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ஒப்பாத விற்பனையாளரிடம், காரணம் என்ன என்று நேராகக் கேளுங்கள்.